ஆண்ட்டியின் தொண்ணூறு விநாடி

எங்கள் சேகரிப்பு அறையில் எது உடைந்தாலும் உடைத்தவர் ஆண்ட்டிதான். உடைக்காவிட்டாலும் அவர்தான். விளக்கு எரியாவிட்டால், "நாந்தான் நேத்து சுவிட்ச சரியா அமுக்கல" என்பார். சாரல் உள்ளே அடித்துத் தரை நனைந்தால், ஜன்னலை மூட மறந்தது தான்தான் என்பார். எங்களோடு வேலை செய்யும் வினோதினியின் கணினி வேலை நடுவே நின்றுபோனபோது, அதை ஒரு நாளும் தொட்டிராத ஆண்ட்டி, பக்கத்தில் ஈரத் துணியை வைத்ததால் இருக்குமோ என்று கவலையோடு வந்து கேட்டார். குவாலா சிலாங்கூரில் வெள்ளம் வந்தால்கூட எங்கள் ஆண்ட்டிதான் எங்கேயோ குழாயை மூடாமல் விட்டிருப்பார் என்று நான் கேலி செய்வேன். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்து முடித்ததும் எழுந்து போய்க் குழாயைப் பார்த்துவிட்டு வருவார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. நாங்கள் எல்லோரும் ஆண்ட்டி என்றே கூப்பிட்டோம். அவருடைய குரலை என் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டவள் நான். பெயரையாவது அவரிடமே விட்டு வைக்கிறேன்.

நான் பல்கலைக்கழக விரிவுரையாளர். பாலர் பள்ளி ஆசிரியராகப் போகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். வட சிலாங்கூர் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறி தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் இடிபட்ட காலத்தில், அங்கிருந்து பல்கலைக்கழகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பொருள்களைத் திரட்டியது. ராசாவிலிருந்து ஒரு லோரி நிறைய வந்தது. அம்பாங் பெச்சா பக்கமிருந்து இரண்டு பெட்டி வந்தது. மற்றதெல்லாம் ஆற்றோரத் தோட்டங்களில் கிடைத்தவை. எல்லாவற்றையும் மெலாவாத்திக் குன்றின் கீழே ஒரு கடைவீட்டு மாடியில் அடுக்கி வைத்திருந்தோம். அவற்றை வைத்து ஒரு பாடம் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பாடம் என்றால் புத்தகம் கிடையாது. மாணவி தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் கைப்பேசியைக் காட்டினால், திரையில் அந்த மேசைமேல் ஒரு தோட்டத்துப் பொருள் எழுந்து நிற்கும். சுற்றி வந்து பார்க்கலாம், குனிந்து அடிப்பக்கத்தைப் பார்க்கலாம், விரலால் தொட்டால் அதைப் பயன்படுத்தியவரின் குரல் கேட்கும். ஒரு குரலுக்குத் தொண்ணூறு விநாடி. அதற்கு மேல் போனால் மாணவர்கள் கேட்க மாட்டார்கள் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. மாடியில் இருந்தவை இருநூறுக்கு மேல். பாடத்தில் இடம் பன்னிரண்டுக்கு. எது உள்ளே, எது வெளியே என்று பொறுக்குவதுதான் என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது என்பதை மறைக்கவில்லை.

பொருள்களைப் பார்த்து இது என்ன, யார் வைத்திருந்தது என்று சொல்ல ஆள் தேவைப்பட்டது. அப்படி வந்தவர்தான் ஆண்ட்டி. ரப்பர் மரம் இருந்த நாளில் ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டம் ஒன்றில் ஆயாவாக இருந்தவர். விடியுமுன் பெற்றோர் பால்மரம் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்கு ஆயாக் கொட்டகை என்று பெயர். முப்பது பிள்ளைகளுக்கு இரண்டு ஆயாக்கள். ஒருவர் இவர், மற்றவர் பாக்கியம். இப்போது ஆண்ட்டி பக்கத்துத் தாமானில் ஒரு வீட்டில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போவார், மற்ற நாள்களில் எங்களிடம் வருவார். குளித்து, தலையைப் படிய வாரி, கோயிலுக்குப் போகிறவர் போலத்தான் மாடிப்படி ஏறுவார்.

குரங்கு வந்த நாளைச் சொல்ல வேண்டும். குன்றில் இருக்கும் குரங்குகளில் ஒரு கூட்டத்துக்கு எங்கள் ஜன்னல் நன்றாகப் பழக்கம். ஒரு நாள் நான் காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கக் கீழே போனேன். வந்து பார்த்தால், பட்டியலில் இருந்த மரச்சீப்பு ஒன்று எதிர்க் கூரையில் ஒரு குட்டியின் வாயில் இருந்தது. பொறுப்பதிகாரி காரணம் கேட்டு வந்தபோது ஆண்ட்டி முந்திக்கொண்டார். "நாந்தான் சார், ஜன்னல மூட மறந்துட்டேன்." அதிகாரி அவருடைய வயதைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். திறந்தது நான் என்று ஆண்ட்டிக்குத் தெரியும், வினோதினிக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஆண்ட்டிக்கு வாழைப்பழத்தைப் பொரித்த பிசாங் கோரெங் ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்து, அதோடு அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பொறுக்கும் நாளில் எல்லாவற்றையும் நீள மேசைகளில் பரப்பினோம். குழுவில் ஐந்து பேர். பச்சை ஒட்டுத்தாள் என்றால் உள்ளே, சிவப்பு என்றால் வெளியே. சேலைத் தொட்டில் கட்டும் ஏணைக் கம்புக்குப் பச்சை. துருப்பிடித்த பால்மாவு டின்னுக்குப் பச்சை. தோட்டத்து அலுவலகக் கிராணியின் மேசை மணிக்குச் சிவப்பு, ஏனென்றால் அதற்கும் பிள்ளைகளுக்கும் சம்பந்தமில்லை. ஆண்ட்டி கொண்டுவந்து கொடுத்த எனாமல் ஜாடியைப் பார்த்ததும் ஐவரும் பச்சையை எடுத்தோம். வெள்ளை உடம்பு, நீல விளிம்பு, மூக்குப் பக்கம் எனாமல் உதிர்ந்து கறுத்த இரும்பு தெரியும். கொட்டகையில் பிள்ளைகளுக்குப் பால் கரைக்க வெந்நீர் ஊற்றி வைத்த ஜாடி. தோட்டம் மூடியபோது ஆண்ட்டி கேட்டு வாங்கி வந்ததாம். வீட்டில் ஒரு நாளும் அதில் தண்ணீர் ஊற்றியதில்லை, கட்டிலுக்கு அடியில் துணி சுற்றி வைத்திருந்தார்.

ஜாடி பளபளத்ததால் கேமராவுக்குப் பிடிபடவில்லை. ஒரு பொருளைச் சுற்றி நூற்றுக்கணக்கில் படம் எடுத்து ஒட்டித்தான் அந்த உருவத்தைச் செய்ய வேண்டும். ஒளி பட்டு மின்னினால் உருவம் நசுங்கிப் போகும். "ஷைனா இருந்தா ஸ்கேன் ஆவாது லா ஆண்ட்டி, கொஞ்சம் பவுடர் போடணும்" என்றாள் வினோதினி. அவள்தான் எங்கள் தொழில்நுட்பக்காரி. ஆண்ட்டி உடனே கைப்பையிலிருந்து குழந்தைப் பவுடரை எடுத்தார். உள்ளங்கையில் கொட்டி, ஜாடியின் கழுத்து, அடி, கைப்பிடி என்று மெல்லத் தட்டித் தட்டிப் பூசினார். முப்பது பிள்ளைகளைக் குளிப்பாட்டிய கை அது. பார்த்துக்கொண்டிருந்த வினோதினி சிரித்தாள். எனக்கும் அது அழகாக இருந்தது.

உருவம் தயாரானதும் வினோதினி கைப்பேசியில் காட்டினாள். வெறும் மேசைமேல் ஜாடி நின்றது. ஆண்ட்டி பின்னால் போய்ப் பார்த்தார், மேசைக்கு அடியிலும் பார்த்தார். கையை நீட்டி அது இருக்க வேண்டிய இடத்தைத் துழாவினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எல்லாம் சரியா இருக்கு. சூடு தெரியாதே, டீச்சர்."

அதற்கும் ஏதாவது ஏற்பாடு வரும் என்றேன், தொழில்நுட்பம் வளர்ந்துகொண்டே போகிறதே என்றேன். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அவர் எதைச் சொல்கிறார் என்று அன்று எனக்குத் தெரியாது.

தெரிந்தது ஆண்ட்டி வேலை செய்த தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில். ரப்பர் மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தும் கோயில் மட்டும் நடுவில் நிற்கிறது. எங்கெங்கோ போய்விட்டவர்கள் வருடத்துக்கு ஒரு நாள் அங்கே கூடுவார்கள். படம் எடுக்கலாம் என்று ஆண்ட்டியோடு நானும் போயிருந்தேன். பால்குடம் எடுத்து வந்தவர்களில் ஒரு வயதான அம்மா நொண்டி நொண்டி வந்தார். வெயிலில் தார்ச்சாலை கொதித்தது. ஆண்ட்டி ஒரு வாளி நிறைய மஞ்சள் தண்ணீரோடு ஓடிப்போய் அவர் பாதங்களில் ஊற்றினார். நாலு அடி நடந்ததும் மறுபடி ஊற்றினார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி ஆட, கோயில் வாசல் வரை அப்படியே கூடவே குனிந்து போனார். வருடா வருடம் இதைச் செய்கிறார் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். அந்த அம்மாதான் பாக்கியம்.

திரும்பும் வழியில் காரில் ஆண்ட்டி பேசினார். பால்குடம் யாருக்காக என்று நான் கேட்டதுதான் ஆரம்பம். கொட்டகையில் ஒரு பெண் குழந்தை இருந்ததாம், இரண்டு வயது. வெந்நீர் ஜாடியை இழுத்துக் காலில் கவிழ்த்துக்கொண்டது. பிழைத்துவிட்டது, ஆனால் ஒரு கால் சுருங்கிப்போனது. அந்தக் குடும்பம் பிறகு எங்கேயோ போய்விட்டது. அந்தக் குழந்தைக்காகத்தான் நாற்பது வருடத்துக்கு மேலாகப் பாக்கியம் பால்குடம் எடுக்கிறார். தான் செய்த தப்பு என்று எடுக்கிறார்.

"அவ தப்பு இல்ல, டீச்சர்" என்றார் ஆண்ட்டி. அதற்கு மேல் அன்று சொல்லவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, ஜாடியைப் பற்றிப் பேசும் நாளில் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றார். பாடம் வெளியாகும் விழாவுக்குப் பாக்கியத்தைக் கூப்பிட முடியுமா என்றும் கேட்டார்.

பதிவு நாளில் அவர் வெள்ளைச் சேலை கட்டி வந்தார். ஆறு நிமிடம் நிறுத்தாமல் பேசினார். முதல் ஒன்றரை நிமிடம் கேட்க அவ்வளவு இனிமை. ஒரு பிள்ளை அழுதால் முப்பதும் அழும், எந்தப் பிள்ளைக்கு எந்த ஏணை என்று சேலைத் துணியின் பூவை வைத்துத்தான் அடையாளம், பால் சூட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்ப்போம், பாக்கியம் பாடினால் முரட்டுப் பிள்ளையும் தூங்கும். "பெத்தவங்க வேற, ஆனா எல்லாம் எங்க புள்ளைங்கதான்" என்று ஒரு மூச்சு விட்டார். பிறகு சொன்னார்.

"அன்னைக்கு பாக்கியம் வெந்நி ஊத்தி பலகையில வச்சிட்டு, புருசனுக்கு காய்ச்சல்னு கஞ்சி குடுக்க லயத்துக்கு ஓடுனா. அவ வச்ச தண்ணிய நான் பால் கரைச்சுத் தீத்துட்டேன். மறுபடி ஊத்தி ஓரத்துல வச்சது நாந்தான். புள்ள கத்துன சத்தம் கேட்டு அவ ஓடி வந்தா. கிராணி யாரு வச்சதுன்னு கேட்டாரு. பாக்கியம் நாந்தான் வச்சேன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. நான் பக்கத்துல நின்னேன். வாயத் தொறக்கல."

பாக்கியத்தை ஆயா வேலையிலிருந்து எடுத்து மருந்தடிக்கும் கூட்டத்தில் போட்டார்கள். முதுகில் டின்னைச் சுமந்து புல்லுக்கு விஷ மருந்து அடிக்கும் வேலை. பல வருடம் அடித்தார். அவருக்குக் கை நகங்கள் போனது அதனால்தான். இதையும் ஆண்ட்டி அந்தப் பதிவில் சொன்னார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பல தடவை சொல்லியாகிவிட்டது, சாமியார் மன்னிப்புக் கொடுத்துவிட்டார், ஆனால் தண்டனை வாங்கியவள் பாக்கியம் ஆயிற்றே என்றார். கடைசியாக, "பாக்கியம், நீ இனிமே பால்கொடம் தூக்காத. தூக்க வேண்டியவ நான்" என்று சொல்லி முடித்தார்.

நேரில் சொல்லியிருக்கலாமே என்று மெல்லக் கேட்டேன். பல தடவை போயிருக்கிறாராம். முகத்தைப் பார்த்ததும் வாய் அடைத்துக்கொள்கிறதாம். "மெசின்ல சொல்லிட்டா திரும்ப வாங்க முடியாதுல்ல, டீச்சர். விழாவுல அவ காதுல வச்சுக் கேக்கட்டும், நான் பக்கத்துலயே ஒக்காந்திருக்கேன். அப்புறம் அவ என்ன செஞ்சாலும் சரி" என்றார். முழுசா வருமா என்று அன்று ஒரு தடவை கேட்டார், அடுத்த வாரம் இன்னொரு தடவை. இரண்டு தடவையும் வரும் என்றேன். கொஞ்சம் சுருக்குவோம் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

சுருக்கியது நான். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது உட்கார்ந்து வெட்டினேன். "எங்க புள்ளைங்கதான்" என்ற இடத்தில் நேரம் சரியாகத் தொண்ணூறு விநாடி காட்டியது. அதற்குப் பிறகு வந்த மூச்சையும் விட்டுவைத்து மீதியை எடுத்தேன். காரணங்கள் என்னிடம் ஏராளம். இன்னொருவரின் பெயர் வருகிறது, அனுமதி வாங்க வேண்டும். விருந்தினர் வரும் விழாவில் வெந்நீர் பட்ட குழந்தையைப் பற்றி எப்படிக் கேட்க வைப்பது. இந்த வயதில் ஆண்ட்டி தன்னைத் தானே எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்திக்கொள்ள வேண்டுமா. ஆண்ட்டியைக் காப்பாற்றுகிறேன் என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அந்தத் தொண்ணூறு விநாடி அவ்வளவு அழகாக இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகும் மாணவிகளுக்கு நான் நடத்தும் பாடம் அது. முப்பது பேருக்கு இருவர் என்று விட்டால் என்ன ஆகும் என்று சொன்ன ஒரே குரலை நான்தான் குப்பையில் போட்டேன்.

அழைப்பிதழ் கொடுக்க ஆண்ட்டியை ஏற்றிக்கொண்டு பாசிர் பெனம்பாங் போனேன். பாக்கியம் அங்கே மகனோடு இருந்தார், மகனுக்கு மீன் கொட்டகையில் வேலை. வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். ஆண்ட்டி இறங்கவில்லை. மடியில் இருந்த கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். நீங்களே குடுத்துட்டு வாங்க டீச்சர் என்றார். பாக்கியம் அழைப்பிதழை இரண்டு கையாலும் வாங்கி, காருக்குள் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினார். ஆண்ட்டியும் ஆட்டினார். திரும்பி வரும்போது ஆற்றுப் பாலத்தின் மேல், அடுத்த வாரத்தோட முடிஞ்சிரும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அப்போதாவது காரை ஓரம் கட்டிச் சொல்லியிருக்கலாம். பாலத்தில் நிறுத்தக் கூடாது என்பது எனக்கு வசதியாகப் போயிற்று.

விழா காலையில், பட்டணத்து மண்டபம் ஒன்றில். பன்னிரண்டு மேசை, பன்னிரண்டு தட்டைக் கணினி. ஜாடி மேசைக்கு முன்னால் பாக்கியத்தை நாற்காலி போட்டு உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டினோம். ஆண்ட்டி பக்கத்து நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது. பாக்கியம் திரையைத் தொட்டார். அந்த நகமில்லாத காய்ந்த விரல் அதற்குப் புரியவில்லை, இரண்டு மூன்று தடவை தொட்டும் ஓடவில்லை. நான் குனிந்து என் விரலால் தொட்டு ஓடவிட்டேன்.

பாக்கியம் கேட்டார். தன் பெயர் வந்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தார். பாட்டைச் சொன்னபோது கண் கலங்கியது. குரல் நின்றது. பாக்கியம் அசைந்ததும், இன்னும் நேரமாகும் என்று காத்திருந்த ஆண்ட்டி கண்ணைத் திறந்தார். பாக்கியம் காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, ஆண்ட்டியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் புள்ள கதைய எடுக்காம விட்டுட்ட பாரு. ஊருக்கே கேக்குற எடத்துல என் மானத்த காப்பாத்திட்ட. இந்த நன்றிய நான் மறக்க மாட்டேன்."

ஆண்ட்டி அவரைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, நாற்காலிக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நான் விருந்தினர் பக்கம் திரும்பிக்கொண்டேன். யாரோ கை கொடுத்துப் பாராட்டினார்கள், எல்லாவற்றிலும் இந்த ஜாடிதான் மனதைத் தொட்டது என்றார்கள்.

சாப்பாடு பரிமாறும்போது ஆண்ட்டி என்னைத் தேடி வந்து தனியாக அழைத்தார். மீதி எங்கே டீச்சர் என்று கேட்டார். குரலில் கோபமில்லை, ஏதோ சாமானை எங்கே வைத்தீர்கள் என்று கேட்பது போலத்தான் கேட்டார். குழு முடிவு ஆண்ட்டி, நேரம் போதவில்லை என்றேன். குழு அந்த ஆறு நிமிடத்தைக் கேட்டதே இல்லை.

"நாந்தான் டீச்சர், நீட்டிப் பேசிட்டேன். சுருக்கமாப் பேசத் தெரியல."

அவர் வாயிலிருந்து அந்த ‘நாந்தான்’ என்ற வார்த்தையை நான் கேட்டது அதுதான் கடைசி. அதற்குப் பிறகு அவர் மாடிக்கு வரவில்லை. இரண்டு தடவை தொலைபேசியில் பேசினேன், முட்டி வலி என்றார். அடுத்த பருவத்தில் பாடத்தைத் திருத்தும்போது மீதியைச் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த பருவம் வந்தது, வேறு திருத்தங்கள் இருந்தன. அதற்கு அடுத்த பருவத்திலும் இருந்தன. மாரியம்மன் திருவிழாவுக்கு நான் போகவில்லை. போயிருந்தால் ஆண்ட்டி குனிந்து தண்ணீர் ஊற்றுவதைப் பார்க்க வேண்டியிருந்திருக்கும். மன்னிப்புக் கேட்க வழியைக் கண்டுபிடிக்கக்கூட அந்தத் தொண்ணூறு விநாடி அவருக்கு இடம் வைக்கவில்லை. இனி சொன்னால் பாக்கியம் சொன்ன நன்றியையும் சேர்த்தல்லவா பிடுங்க வேண்டும். அவ்வளவு கஷ்டமாக்கி வைத்தவள் நான்.

அவர் இறந்தது ஒரு மழைக்காலத்தில். குளியலறையில் விழுந்து, மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தார். வினோதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் அதிகமில்லை. பாக்கியம் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். எல்லோரும் மண் போட்டு முடித்ததும் என்னிடம் வந்து, கொட்டகையில் நடந்ததைக் கடைசி வரைக்கும் ஒருத்தரிடமும் சொல்லாமல் மண்ணுக்குள் கொண்டுபோய்விட்டாள் என்று அழுதார். வருகிற வருடமும் பால்குடம் எடுக்கத்தான் போகிறாராம். இனிமே என் காலுக்குத் தண்ணி ஊத்த யாரு இருக்கா என்று கேட்டார்.

இரண்டு வாரம் தாக்குப்பிடித்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

பழைய கோப்புகளில் அந்த ஆறு நிமிடம் அப்படியே இருந்தது. கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு ஒரு மத்தியானம் பாசிர் பெனம்பாங் போனேன். வாசலில் இறால் காய்ந்துகொண்டிருந்தது. பாக்கியம் எனக்குச் சிராப் கலக்கிக் கொடுத்தார். ஆண்ட்டி பேசியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது, நீங்கள் கேட்க வேண்டும் என்றேன். இந்த முறையும் நான்தான் தொட்டு ஓடவிட்டேன்.

முதல் ஒன்றரை நிமிடம் அவருக்குத் தெரிந்த பகுதி, தலையாட்டிக்கொண்டே கேட்டார். குரல் நிற்காமல் மேலே போனபோது தலையாட்டுவது நின்றது. "ஓரத்துல வச்சது நாந்தான்" என்று வந்த இடத்தில் அவர் மடியில் இருந்த கைகளைப் பார்த்தார். கடைசி வரை அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தும் நான் கைப்பேசியை எடுக்கவில்லை. அவர் திட்டுவார், அழுவார், போன வருடங்களைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். வெளியே யாரோ மீன் பெட்டி இறக்கும் சத்தம் கேட்டது.

"இத அவ எப்ப சொன்னா, டீச்சர்?"

விழாவுக்கு இரண்டு மாதம் முன்னால் என்றேன்.

"அப்ப அன்னைக்கு நான் அவ கையப் பிடிச்சுக்கிட்டு நன்றி சொன்னப்ப, அவ சொல்லி முடிச்சிருந்தா."

ஆமாம் என்றேன்.

"என் காதுக்கு வரலன்னும் அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அதற்கும் ஆமாம் என்றேன். பாக்கியம் அந்தச் சிராப் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகுதான் முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்களும் பின்னாலதான நின்னீங்க, டீச்சர்."